விசிலக்கா வெயில் காய்ந்த கதை

விசிலக்காவுக்கும் ஒரு சொந்தப் பெயர் உண்டு. அது அவளுடைய அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. வெளியே எடுத்துப் புழங்கும் அவசியம் இதுவரை வந்ததில்லை. இரண்டு விரலை மடித்து நாக்கடியில் வைத்து அவள் ஊதினால், நாலு தெரு தள்ளிப் படுத்திருக்கும் நாய் எழுந்து உட்காரும். அப்படிப்பட்டவளுக்குத் தனியாகப் பெயர் எதற்கு?

இந்த வித்தையை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பள்ளிக்கூட வயதில் அண்ணன்காரன் மொட்டை மாடியில் நின்று முக்கி முக்கிப் பழகிக்கொண்டிருந்தான். எச்சில்தான் தெறித்ததே தவிர சத்தம் வரவில்லை. பக்கத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் விளையாட்டாக விரலை வாயில் வைத்து ஒரே ஊதாக ஊதினாள். அண்ணன் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அம்மா, "பொம்பளப் பிள்ளை விசில் அடிச்சா வீடு விளங்குமாடி?" என்று முதுகில் இரண்டு வைத்தாள். வீடு விளங்கியதா என்பது தெரியாது. ஆனால் கேஸ் வண்டி தெருவைத் தாண்டிப் போய்விட்டால் அதே அம்மாதான் அடுப்படியிலிருந்து கத்துவாள்: "போறான் பாரு, கொஞ்சம் ஊதேண்டி!"

கல்யாணமும் விசிலால் வந்ததுதான். ஒருநாள் காலை அவள் தெருமுனையில் நின்றபோது ஒரு டெலிவரி வேன் வந்தது. ஓட்டி வந்தவன் ஒரு கையை வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு, தெரு தன் அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி சத்தமாகப் பாடிக்கொண்டு போனான். பாட்டு கேவலம். ஆள் பரவாயில்லை. அவள் ஊதினாள். அவன் போட்ட பிரேக்கில் வேன் வழுக்கிக்கொண்டு போய் ஓரத்தில் இருந்த தண்ணீர் டிரம்மில் முட்டியது. டிரம் சாய்ந்து, பாதித் தெருவைக் கழுவிவிட்டு உருண்டு போனது.

அவன் இறங்கி வந்து, "எதுக்குங்க விசில் அடிச்சீங்க?" என்றான்.

"உங்கள யாரு கூப்பிட்டா? டாக்ஸியக் கூப்பிட்டேன்."

அந்தத் தெருவில் அப்போது டாக்ஸி என்று எதுவும் இல்லை. ஆனாலும் அவன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பி டாக்ஸியைத் தேடினான். அவன் குணமே அதுதான், சொன்னதை நம்பிவிட்டு அப்புறம் தேடுவான். மறுநாளும் வேன் அதே தெருவுக்கு வந்தது. அங்கே இறக்க வேண்டிய சரக்கு ஒன்றும் இல்லை.

கல்யாணமாகி முப்பது வருஷத்தை நெருங்கியாகிவிட்டது. சண்டை வரும்போதும் சமாதானம் ஆகும்போதும் அவன் கேட்டுப் பார்ப்பான்: "உண்மையச் சொல்லு, அன்னிக்கு என்னத்தான கூப்பிட்ட?" அவள் அசைய மாட்டாள். டாக்ஸிதான். ஒப்புக்கொண்டால் அப்புறம் ஆளைக் கையில் பிடிக்க முடியாது என்பது அவள் கணக்கு.

மாமனார் வீட்டுக்குப் பின்னால் இரண்டு நீளமான கிடங்குகள் இருந்தன. மருந்துக்குக்கூட ஒரு ஜன்னல் கிடையாது. மாமனார் அதில் வெங்காயம் போட்டார், அழுகியது. பழைய பேப்பர் போட்டார், எலி தின்றது. வாடகைக்கு விட்டார், வந்தவன் வாடகை தராமலே இருட்டோடு இருட்டாகக் காணாமல் போனான். புது மருமகளாக வந்தவள் ஒருநாள் உள்ளே போய்ப் பார்த்தாள். இருட்டும் ஈரமும் சும்மா கிடக்கிறது, இதையே முதலாகப் போட்டு நடத்தக்கூடிய தொழில் என்ன என்று யோசித்தாள். காளான் என்று பதில் வந்தது. மாமனார் சிரித்தார். முதல் விளைச்சல் விற்றுவந்த அன்று சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "நான் அப்பவே நினைச்சேன்" என்றார்.

காளான் தொழில் பார்க்க எளிது. வைக்கோலை வேகவைத்து, ஆறவைத்து, பாலிதீன் பையில் அடுக்கடுக்காகத் திணித்து, நடுவில் காளான் விதையைத் தூவி, பையின் கழுத்தைச் சணலால் இறுக்கி, இருட்டறையில் தொங்கவிட வேண்டும். உள்ளே வெள்ளை நூல் நூலாகப் படர்ந்து வைக்கோல் முழுவதையும் கவ்வ வேண்டும். அதற்குப் பெயர் பிடித்தல். "அந்த வரிசை பிடிச்சிடுச்சா?" என்பதுதான் அந்த இடத்தில் காலை வணக்கம். பிடிக்கும்வரை திறக்கக் கூடாது, குத்திப் பார்க்கக் கூடாது, வெளிச்சம் காட்டக் கூடாது. ஈ மட்டும் வரவே கூடாது. ஒரு ஈ உள்ளே புகுந்து குடும்பம் நடத்த ஆரம்பித்தால் ஓர் அறையே போச்சு.

இப்படியாக விசிலக்கா சூரியன் எழுந்திருக்கும் முன்பே இருட்டுக்குள் போய், அது படுத்த பிறகு வெளியே வந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் காளானுக்குத் தெரியாது, ஆகவே அவளுக்கும் மறந்துபோனது. வருஷம் ஏற ஏற அவள் நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது. சொந்தக்காரப் பெண்கள் தனியாகக் கூப்பிட்டு, "என்ன க்ரீம் போடற?" என்று கிசுகிசுத்தார்கள். பிடித்தவர்களிடம் உண்மையைச் சொன்னாள். பிடிக்காதவர்களுக்குக் கடையிலேயே விலை அதிகமான க்ரீம் எதுவோ அதன் பெயரைச் சொன்னாள்.

காலையில் பறித்த காளானை நாத்தனாரும் இன்னும் நாலு பெண்களும் பெட்டியில் அடுக்குவார்கள். பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்காரன் ஹோட்டல் ஹோட்டலாகப் போவான். கடைசிப் பெட்டி ஏறியதும் விசிலக்கா கிடங்கு வாசலில் நின்று நீளமாக ஒரு விசில் அடிப்பாள். அதற்கு அர்த்தம் கிளம்பலாம் என்பது. அது கேட்காமல் அவன் வண்டியை நகர்த்தியதே இல்லை. ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல். போர்வைக்குள் கிடந்தவள் மறந்துவிட்டாள். அவன் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். கடைசியில் அவள் போர்வையோடு ஜன்னலுக்கு வந்து ஊதிய பிறகுதான் போனான். ஊரார் முன்னால் அவனை "நீங்க, வாங்க" என்பாள். தனியாக இருக்கும்போது "யோவ்". நாள் முழுக்க அவர்கள் பேசிக்கொள்வது சண்டைதான். கொஞ்சல் என்று ஒன்று இருந்தால் அது அந்தக் காலை விசில் மட்டும்தான்.

பல் உடைந்தது கத்தரிக்கோலால். அதாவது, கத்தரிக்கோல் இல்லாததால். கிடங்கில் இருந்த ஒரே கத்தரிக்கோலை நாத்தனார் நாடா கட்டிக் கழுத்தில் தொங்கப் போட்டுக்கொண்டிருப்பாள். வேண்டுமானால் அவளிடம் போய்க் கேட்க வேண்டும். கேட்டால், "பத்திரமா திருப்பிக் குடுங்க அண்ணி" என்பாள், ஏதோ பரம்பரை நகையை இரவல் தருவது போல. அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கப் பிடிக்காமல் விசிலக்கா வருஷக் கணக்காகச் சணல் முடிச்சைப் பல்லால் கடித்தே அவிழ்த்தாள். ஒருநாள் முடிச்சு ஜெயித்தது. மேல் வரிசை முன்பல் வேரோடு பிளந்தது.

பல் டாக்டர் சின்ன வயசுக்காரன். மீதி வேரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கழற்றி மாட்டும் பல் ஒன்றைச் செய்து கொடுத்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலை, கடைசிப் பெட்டி ஏறியதும், அவள் வழக்கம்போல் விரலை வைத்து ஊதினாள். சத்தம் வரவில்லை. பல் வந்தது. வாயிலிருந்து பறந்து போய் எங்கோ விழுந்தது. வீட்டுக்காரன் வேன் கண்ணாடியில் அவள் விரல் வாயில் இருப்பதைப் பார்த்துவிட்டு, சத்தம் எஞ்சின் இரைச்சலில் கரைந்துவிட்டது என்று நினைத்துக் கிளம்பிவிட்டான். ஆறு பெண்கள் தரையில் மண்டியிட்டுப் பல்லைத் தேடினார்கள். கூடை கூடையாகக் கொட்டிப் பார்த்தார்கள். அப்புறம்தான் நாத்தனார் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணி, நீங்க நின்ன இடத்துக்கு நேரா வேனோட பின்கதவு திறந்து கிடந்துச்சே."

வேன் அப்போது தெருக்கோடியில் திரும்பிக்கொண்டிருந்தது. விசில் அடித்திருந்தால் நின்றிருக்கும். அவள் கையை வீசிக்கொண்டு ஓடினாள், கத்தினாள். வண்டி ஓட்டும்போது அவன் ஃபோனை எடுக்க மாட்டான், அதுவும் அவள் போட்ட சட்டம்தான்.

மத்தியானம் ஒரு ஹோட்டல் சமையல்காரர் டிஷ்யூ பேப்பரில் சுற்றிய பொட்டலத்தோடு வந்து இறங்கினார். "அம்மா, உங்க காளான்ல எல்லா ரகமும் வாங்கிட்டேன். இது மட்டும் புதுசா இருக்கே, இதை எத்தனை நிமிஷம் வேகவைக்கணும்?" என்றார். பெண்கள் வைக்கோல் போரில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விசிலக்காவும் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு. வாயைப் பொத்தாமல் சிரித்தே பழகியவள் அவள். அன்றைக்கே டாக்டரிடம் போய், "எது வச்சா பறக்காதோ அதை வைங்க" என்றாள்.

டாக்டர் இம்ப்ளான்ட் என்றான். தாடை எலும்பில் ஒரு டைட்டானியம் திருகை இறக்க வேண்டும். எலும்பு வளர்ந்து வந்து திருகைக் கவ்விக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்று நாலு மாதம் ஆகும். கவ்விய பிறகு அதன் மேல் பல்லை மாட்டலாம்.

"அதாவது, பிடிக்கணும்" என்றாள் விசிலக்கா.

"ஆமா, பிடிக்கணும்."

"அவ்வளவுதான? அதெல்லாம் எனக்குத் தெரியும், நீங்க திருகை இறக்குங்க தம்பி."

தெரிந்ததுதான் வினை. பிடிக்கிற பையை எப்படிப் பார்த்துக்கொள்வாளோ அப்படியே வாயைப் பார்த்துக்கொண்டாள். இறுக மூடி வைத்தாள். பேசவில்லை. கொட்டாவியைக்கூட மூக்கால் விட்டாள். டாக்டர் பேச வேண்டாம் என்று எங்குமே சொல்லவில்லை. வீட்டில் யாரும் அதை அவளுக்கு எடுத்துச் சொல்லவும் இல்லை. அந்த மூன்று மாதத்தைத்தான் இன்றைக்கும் நாத்தனார், "நாங்க நல்லா இருந்தப்ப" என்று குறிப்பிடுகிறாள்.

ஒருநாள் டீ குடிக்கும்போது ஏதோ ஆடுவது போலிருந்தது. நாக்கால் தொட்டாள், ஆடியது. விரலால் தொட்டாள், கையோடு வந்துவிட்டது. உள்ளங்கையில் திருகை வைத்துக்கொண்டு வீட்டுக்காரனிடம் போய் நின்று, மூன்று மாதத்துக்கு அப்புறம் முதல் வாக்கியமாக, "யோவ், கழண்டுடுச்சு" என்றாள்.

"அது கல்யாணத்துக்கு முன்னாடியே கழண்டதுதான" என்றான் அவன், அவள் கையைப் பார்க்காமலே. பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டான்.

விசிலக்காவுக்கு உடனே ஒரு குற்றவாளி தேவைப்பட்டது. கத்தரிக்கோலிலிருந்து ஆரம்பித்து நாத்தனாரின் கண்ணேறு வரைக்கும் வந்திருந்தாள். அதற்குள் டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தான். சர்க்கரை இல்லை. புகை பிடிக்கிற பழக்கம் உண்டா என்று கேட்டதற்கு, "விசில்தான் உண்டு" என்றாள். கடைசியில் வைட்டமின் டி என்று ஒரு வரி. அதற்கு நேராக ஏழு என்று இருந்தது.

"எவ்வளவு இருக்கணும் தம்பி?"

"இருபதுக்கு மேல. முப்பதுகிட்ட இருந்தா எனக்கு நிம்மதி. நீங்க வெயிலே பார்க்கறதில்லையா?"

"வெயில் எங்களுக்குப் பகையாளியாச்சே."

டாக்டர் விளக்கினான். நாம் தின்கிற சுண்ணாம்புச் சத்தை உடம்பு எடுத்து எலும்புக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க இந்த டி வேண்டும். அது குறைந்தால் எலும்பு சோம்பேறியாகிவிடும். திருகைக் கவ்வச் சொன்னால் நாளைக்குப் பார்க்கலாம் என்று படுத்துக்கொள்ளும். "இதனாலதான் விழுந்துச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்மா. டி குறைஞ்சவங்களுக்கு அதிகமா விழுதுன்னு சில ஆராய்ச்சில சொல்றாங்க. பெரிய வித்தியாசம் இல்லன்னு வேற சிலர் சொல்றாங்க. ஆனா இந்த ஏழுங்கற நம்பரை வச்சுக்கிட்டு இன்னொரு திருகு போட எனக்குத் தைரியம் இல்ல. முதல்ல இதை ஏத்துங்க, அப்புறம் பேசலாம்." வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தான். தினமும் கொஞ்சம் வெயில் படட்டும் என்றான்.

மாத்திரை கசந்ததா என்றால் இல்லை. வாயில் போட்டுப் பார்க்கவே இல்லை. வெயில் சும்மா கிடைக்கும்போது அதையே மாத்திரைக்குள் அடைத்து விற்கிறார்களாக்கும் என்று அலமாரியில் வைத்துவிட்டாள். வெயிலுக்கு மட்டும் ஒழுங்காக உட்கார்ந்தாள். எங்கே? கிடங்கை ஒட்டிப் பிற்பாடு கட்டிய பெட்டி அடுக்கும் அறையில் கிழக்குப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல் ஒன்று இருந்தது, அந்த இடத்தில் இருக்கும் ஒரே ஜன்னல். ஈ வராமலிருக்க அதன் நாலு ஓரத்திலும் டேப் ஒட்டி வருஷக் கணக்கில் மூடியே வைத்திருந்தார்கள். முற்பகல் வெயில் கண்ணாடி வழியாக வந்து தரையில் பாய் விரித்த மாதிரி கிடக்கும். அதன் நடுவில் நாற்காலியைப் போட்டு, கையைச் சுருட்டிவிட்டு, காலை முழங்கால்வரை திறந்து நீட்டி, ராணி மாதிரி உட்கார்ந்தாள். வேர்த்தது. சருமம் சுட்டது. "ஏறுது, நல்லா ஏறுது" என்றாள். பக்கத்தில் வேலை செய்யும் பெண்கள் அந்த வெயிலை மிதித்துவிடாமல் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள், சிந்தினால் குறைந்துவிடும் போல.

இரண்டு மாதம் கழித்துப் பரிசோதித்தால் எட்டு வந்தது.

விசிலக்கா ரத்தம் எடுத்த இடத்துக்கே போய்ச் சண்டை போட்டாள். வேறு யாருடைய ரத்தத்தையோ பார்த்திருக்கிறீர்கள் என்றாள். அவர்கள் இன்னொரு முறை எடுத்துப் பார்த்துவிட்டு அதே எட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரன் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். பிரித்தால், கறுப்புக் கயிற்றில் கோத்த பிளாஸ்டிக் விசில். விளையாட்டு மைதானத்தில் நடுவர் கழுத்தில் தொங்குமே, அது. "பல்லு எப்பவோ வரட்டும். அதுவரைக்கும் இதை ஊதிக்கயேன்" என்றான். நல்லெண்ணம்தான். அவள் அதை வாங்கி, வைக்கோல் வேகிற அண்டாவுக்குள் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

பல் போனது அவளுக்கு வலிக்கவில்லை. கொஞ்ச நாளாகக் காலையில் கடைசிப் பெட்டி ஏறியதும் அவன் தானே இரண்டு ஹாரன் அடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தான். முதலில் சில வாரம் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு, வராத விசிலுக்காக உட்கார்ந்திருந்தவன்தான். அப்புறம் அதை விட்டுவிட்டான். பழகிவிட்டான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. போர்வைக்குள் அழுதாள். அந்தச் சத்தத்துக்கு வண்டியை நிறுத்திய மனுஷன், அது இல்லாமலும் வண்டி ஓடும் என்று கண்டுபிடித்துவிட்டானே என்று அழுதாள்.

மறுநாள் டாக்டர் கேட்டான், "எங்கம்மா உட்கார்றீங்க?"

"ஜன்னலோரமா. வெயில் மேலயே விழுது. தொட்டுப் பாருங்க, கறுத்தே போயிட்டேன்." கறுக்கவில்லை.

"ஜன்னல் திறந்திருக்குமா?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "திறந்தா ஈ வந்துடாதா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தான். வெயிலில் சூடு வேறு, டி-யைத் தருகிற கதிர் வேறு. சூடும் வெளிச்சமும் கண்ணாடியைத் தாண்டும். அந்தக் கதிர் தாண்டாது. இரண்டு மாதமாக அவள் வாங்கியது சூடும் வேர்வையும்தான். மாத்திரையைப் பற்றிக் கேட்டான். அவள் கூரையைப் பார்த்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"இன்னொண்ணு சொல்றேன், கோபப்படாதீங்க. பறிச்ச காளானைக் கொஞ்ச நேரம் நேரடி வெயில்ல போட்டா அதுல வைட்டமின் டி தானா உண்டாகும்."

"காளான்லயா?"

"காளான்லதான்."

வெயில் பட்டுவிடக் கூடாது என்று இத்தனை வருஷமாகப் பிள்ளையைப் பொத்துவது போல் பொத்தி வளர்த்த ஜென்மம், அவளுக்குத் தெரியாமல் அந்த வெயிலோடு சிநேகமாக இருந்திருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வேனில் உம்மென்று வந்தவள், பாதி வழியில் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தாள். அவன் பயந்து போய் வண்டியை ஓரம் கட்டினான். "ஒண்ணுமில்லய்யா, என்னைவிட என் காளானுக்கு அறிவு ஜாஸ்தி" என்றாள்.

அதற்கப்புறம் அவள் ஜன்னலை நம்பவில்லை. மாத்திரையைச் சாப்பாட்டோடு தவறாமல் விழுங்கினாள். மொட்டை மாடியில் பாயை விரித்து, ஒரு பாதியில் நறுக்கிய காளானைப் பரப்பி, மறு பாதியில் தானும் உட்கார்ந்தாள். வீட்டுக்காரன் மேலே வந்து பார்த்துவிட்டு, "இதுல எந்தப் பக்கம் விற்கிறது, எந்தப் பக்கம் வீட்டுக்கு?" என்றான். நாத்தனார் மூன்றாம் நாள் ஒரு கிண்ணம் தண்ணீரோடு மேலே வந்து, பாயின் மேல் புதுக் கத்தரிக்கோல் ஒன்றை வைத்தாள். நாடா கட்டியிருந்தது. "திருப்பித் தர வேணாம் அண்ணி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். விசிலக்கா அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

அடுத்த பரிசோதனையில் முப்பத்திரண்டு. டாக்டர் இரண்டாவது திருகை இறக்கினான். இந்த முறை விசிலக்கா வாயை மூடவில்லை, பேசலாமா என்று டாக்டரிடமே தெளிவாகக் கேட்டுக்கொண்டாள். மூன்று மாதம் சேர்த்து வைத்த பாக்கியையும் பேசித் தீர்த்தாள். நாத்தனாரின் பொற்காலம் முடிவுக்கு வந்தது.

நாலு மாதம் போனது. டாக்டர் அவளை நாற்காலியில் சாய்த்து, சின்னக் கம்பி ஒன்றால் திருகைத் தட்டினான். கணீரென்று கேட்டது. இடுக்கியால் அசைத்துப் பார்த்தான். அசையவில்லை. "பிடிச்சிருக்கும்மா" என்றான்.

கல்யாணத்தன்று அழாதவள், மாமனார் செத்தபோதும் நாலு பேர் முன்னால் அழாதவள், வாயை ஆவென்று திறந்து வைத்தபடி அழுதாள். டாக்டருக்கு எதைத் துடைப்பது என்று தெரியவில்லை. "டி ஏறினதாலயான்னு கேட்டா இப்பவும் என்னால அடிச்சுச் சொல்ல முடியாது" என்று ஆரம்பித்தான். "நீங்க சும்மா இருங்க தம்பி" என்று அவள் கையைக் காட்டினாள்.

பல்லை மாட்டியாகிவிட்டது. ஆனால் ஊதிப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. ஒருநாள் யாருக்கும் தெரியாமல் இருட்டறைக்குள் போய், தொங்கும் பைகளுக்கு நடுவில் நின்று விரலை வாயில் வைத்தாள். வெறும் காற்றுதான் வந்தது. உதடு மறந்துபோயிருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் ஊதாத வாய். பல் இருக்கிறது, எலும்பு கவ்வியிருக்கிறது, முப்பத்திரண்டு இருக்கிறது, விசில் மட்டும் இல்லை. யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்துவிட்டாள்.

மறுநாள் காலை கடைசிப் பெட்டி ஏறியது. அவன் ஏறி உட்கார்ந்து, இரண்டு ஹாரன் அடித்துவிட்டு வண்டியை நகர்த்தினான். விசிலக்கா கிடங்கு வாசலுக்கு வந்து நின்றாள். விரலை மடித்தாள். பெண்கள் கையில் இருந்த காளானை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

ஊதினாள். காற்று.

வேன் வெளிக்கதவைத் தாண்டித் தெருவில் இறங்கியது. இன்னொருமுறை ஊதினாள். எச்சில் தெறித்தது, மொட்டை மாடியில் அண்ணன்காரனுக்குத் தெறித்தது போல.

"விடுங்க அண்ணி" என்றாள் நாத்தனார், நிஜமாகவே இரக்கத்தோடு. "எதுனா சொல்லணும்னா வந்ததும் சொல்லிக்கலாம்."

அந்த இரக்கம்தான் அவளுக்கு ஆகவில்லை. சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு நாக்கை உள்ளே மடக்கி, உதட்டைப் புதுப்பல்லின் மேல் இழுத்துப் போர்த்தி, வயிற்றிலிருந்து ஊதினாள்.

முதலில் பிசிறடித்தது. அப்புறம் பிடித்துக்கொண்டது. நீளமாக, கூர்மையாக, தெருவையே குறுக்கே கிழித்துக்கொண்டு போனது. நாலு தெரு தள்ளி நாய் குரைத்தது.

வேன் கிறீச்சென்று நின்றது. நின்ற வேகத்தில் வழுக்கி, எதிர்வீட்டு வாசலில் இருந்த தண்ணீர் டிரம்மில் போய் முட்டியது. பெட்டிகள் உள்ளே சரிந்தன. டிரம் சாய்ந்து தண்ணீரைக் கொட்டிவிட்டு உருள ஆரம்பித்தது.

அவன் கதவைக்கூட மூடாமல் இறங்கி, ஈரத்தில் கால் வைத்து ஓடி வந்தான். தலை நரைத்த ஆள், இந்த ஓட்டம் ஓடி எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். அவள் முன்னால் வந்து நின்று மூச்சு வாங்கினான்.

"எதுக்கு விசில் அடிச்ச?" என்றான். பிறகு பழக்கதோஷத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தான். "டாக்ஸியக் கூப்பிட்டியா?"

நாத்தனார் நின்றாள், நாலு பெண்கள் நின்றார்கள், எதிர்வீட்டார் டிரம்முக்காகச் சண்டை போட வெளியே வந்து நின்றார்கள். ஊரார் முன்னால் இவள் அவனை "நீங்க" என்று சொல்பவள்.

"யோவ்" என்றாள் விசிலக்கா. "உன்னத்தான்யா. அன்னிக்கும் உன்னத்தான்."

டிரம் தன் பாட்டுக்குத் தெருவில் உருண்டுகொண்டிருந்தது. எடுக்க யாரும் போகவில்லை.